"நான் பிழைப்பேனா, சிஸ்டர்?" பதில் சொல்லப் பழகும் நர்சு மாணவிகள்

ஊசி போடப் பழகிவிடலாம். டிரிப் ஏற்றப் பழகிவிடலாம். ஆனால் சாகக் கிடக்கும் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் பிழைப்பேனா சிஸ்டர்?" என்று கேட்டால் 20 வயதுப் பெண் என்ன பதில் சொல்வாள்?

இந்தக் கேள்விக்கும் இப்போது நர்சிங் வகுப்பில் பாடம் உண்டு. இந்திய நர்சிங் கவுன்சில் 2021-ல் கொண்டுவந்த பி.எஸ்சி. நர்சிங் பாடத்திட்டத்தில், வலி தணிக்கும் ஆதரவு சிகிச்சை தனிப் பகுதியாகவே சேர்க்கப்பட்டு இருக்கிறது. இதைத்தான் ஆஸ்பத்திரியில் "பாலியேட்டிவ் கேர்" என்கிறார்கள். சாவு, துக்கம், இழப்பு பற்றிய பாடமும் அதே திட்டத்தில் இருக்கிறது.

சென்னை சென்ட்ரல் ரெயில் நிலையத்துக்கு எதிரே உள்ள பெரிய ஆஸ்பத்திரியில் 1871-ம் ஆண்டிலேயே நர்சு பயிற்சி தொடங்கிவிட்டது. புண்ணுக்குக் கட்டுப் போடுவதும், பிரசவம் பார்ப்பதும் அன்று முதல் பாடம். சாகிறவரிடம் எப்படிப் பேசுவது என்பது மட்டும் வெகுகாலம் பாடமாக இல்லை. "வார்டுக்குப் போனால் தானாக வரும்" என்று விட்டுவிட்டார்கள். தானாக வரவில்லை. வந்தது பொய்தான்.

நள்ளிரவில் வரும் கேள்வி

இந்தக் கேள்வி பகலில் வராது. காலையில் பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வருவார். பின்னால் பத்துப் பேர் நிற்பார்கள். நோயாளி வாயைத் திறக்க மாட்டார்.

இரவு 2 மணிக்கு வார்டில் பாதி விளக்கு அணைந்திருக்கும். மகன் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துத் தூங்குவான். டிரிப் ஓடுகிறதா என்று பார்க்க நர்சு வருவாள். அப்போதுதான் கேள்வி வரும். உடம்பு துடைத்து, புண்ணுக்கு மருந்து போட்டு, வாயில் கஞ்சி ஊட்டியவள் அவள்தானே? அவளிடம் கேட்காமல் யாரிடம் கேட்பார்?

பழக்கம் இல்லாத பெண் மூன்று பதிலில் ஒன்றைச் சொல்வாள். "ஒண்ணும் இல்ல தாத்தா, சீக்கிரம் வீட்டுக்குப் போயிடலாம்" என்பது ஒன்று. "எனக்குத் தெரியாது, டாக்டரைக் கேளுங்க" என்பது இன்னொன்று. மூன்றாவது, காது கேட்காதது போல டிரிப்பைத் திருகிவிட்டு நகர்ந்துவிடுவது.

மூன்றுமே கதவைச் சாத்தும் பதில்கள். மறுபடி அந்த நோயாளி யாரிடமும் கேட்க மாட்டார். பட்டா யார் பேரில் இருக்கிறது, சீட்டுப் பணம் யாரிடம் வரவேண்டும், எந்த மகளைப் பார்க்க வேண்டும் என்று மனதில் கிடப்பதெல்லாம் அவரோடு போய்விடும். பிறகு கோர்ட்டுக்கும் போலீஸ் நிலையத்துக்கும் அலையும் குடும்பங்கள் எத்தனையோ.

வகுப்பறையில் ஒரு நாடகம்

பாடம் நடத்தும் முறை எளிது. வகுப்பறையில் ஒரு கட்டில் போடுகிறார்கள். ஒரு மாணவி நோயாளியாகப் படுத்துக்கொள்வாள். இன்னொருத்தி நர்சு. மற்றவர்கள் சுற்றி உட்கார்ந்து கவனிப்பார்கள். முடிந்ததும் எங்கே தப்பு, எங்கே சரி என்று பேசுவார்கள். அதே காட்சியை மறுபடி நடிப்பார்கள்.

காட்சி ஏறக்குறைய இப்படி இருக்கும்:-

நோயாளி:- ஏம்மா, எனக்கு இனிமே தேறாதா?

நர்சு:- (ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து) ஏன் தாத்தா அப்படிக் கேக்கறீங்க? மனசுல என்ன ஓடுது?

நோயாளி:- பையன் ரெண்டு நாளா என் மூஞ்சியைப் பாத்துப் பேச மாட்டேங்கிறான். டாக்டர் அவனை வெளியே கூட்டிட்டுப் போய்ப் பேசறாரு. எனக்குப் புரியாதா?

நர்சு:- (சிறிது நேரம் பேசாமல் இருந்து) அதை நினைச்சா பயமா இருக்கா தாத்தா?

நோயாளி:- பயம் இல்ல பாப்பா. பொண்ணு திருச்சியில இருக்கா. மூணு வருஷமாப் பேச்சுவார்த்தை இல்ல. ஒரு தடவை பாத்துட்டாப் போதும்.

நர்சு:- உடம்பைப் பத்தி டாக்டரே உங்ககிட்ட உக்காந்து பேசணும்னு காலையில நான் சொல்றேன். அக்காவுக்குப் போன் போடச் சொல்லி உங்க பையன்கிட்டப் பேசட்டுமா?

இதில் நர்சு ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. "நீங்க சாகப் போறீங்க" என்று குண்டும் போடவில்லை. நோயின் நிலையையும், எவ்வளவு காலம் என்பதையும் சொல்வது டாக்டரின் வேலை. மாணவி அதைத் தொடக்கூடாது. அவள் வேலை, நோயாளி மனதில் இருப்பதை வெளியே வரவைப்பது. பிறகு அதை வார்டு சிஸ்டரிடமும் டாக்டரிடமும் கொண்டு சேர்ப்பது.

உட்கார்ந்து பேசுவதும் பாடம்தான். நின்றுகொண்டு பேசினால், "இவள் ஓடப் பார்க்கிறாள்" என்று நோயாளிக்குத் தோன்றிவிடும். எல்லாவற்றையும்விடக் கஷ்டம், பேசாமல் இருப்பது. நோயாளி அழும்போது வாய் தானாக "அழாதீங்க" என்று சொல்லப் பார்க்கும். அதை அடக்கி, கையைப் பிடித்தபடி இருக்க வேண்டும். கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் அடுத்த வார்த்தை நோயாளியிடமிருந்தே வரும்.

ஆறு படிகள்

துக்கச் செய்தி சொல்வதற்கு "ஸ்பைக்ஸ்" என்று ஒரு முறை இருக்கிறது. புற்றுநோய் டாக்டர்களுக்காக 2000-ம் ஆண்டில் வெளியானது. இன்று நர்சு மாணவிகளும் படிக்கிறார்கள். ஆறு படிகள்:-

1. சத்தம் இல்லாத இடமாகப் பார்த்து உட்காரவைக்க வேண்டும்.

2. அவருக்கு ஏற்கனவே என்ன தெரியும் என்று கேட்க வேண்டும்.

3. எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று கேட்க வேண்டும்.

4. "கொஞ்சம் கஷ்டமான விஷயம்" என்று முன்கூட்டிச் சொல்லிவிட்டு, எளிய வார்த்தையில் சொல்ல வேண்டும்.

5. அழுகையோ கோபமோ வந்தால் அதற்கு இடம் கொடுக்க வேண்டும்.

6. அடுத்து என்ன செய்யப் போகிறோம் என்று சொல்லி முடிக்க வேண்டும்.

மூன்றாவது படியை நம் ஊரில் பலரும் தாண்டிவிடுகிறார்கள். எல்லாம் தெரிய வேண்டும் என்பவர் உண்டு. "என் பையன்கிட்டச் சொல்லுங்க, எனக்கு வேண்டாம்" என்பவரும் உண்டு. இருவரையும் ஒரே மாதிரி நடத்தக்கூடாது.

"அப்பாகிட்ட சொல்லிடாதீங்க"

வெளிநாட்டுப் புத்தகத்தில் நோயாளியோடு பேச்சு முடிந்துவிடும். நம் ஊர் வார்டில் அங்கேதான் தொடங்கும். வெளியே மகன் நிற்பான், மருமகன் நிற்பான், மச்சான் நிற்பான். "கேன்சர்னு மட்டும் அப்பாகிட்ட சொல்லிடாதீங்கம்மா. தெரிஞ்சா அன்னிக்கே போயிடுவாரு" என்று கெஞ்சுவார்கள்.

அப்பாவோ, "பசங்களுக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டாங்க" என்று தெரியாதது போல நடிப்பார். வீடு முழுக்க நாடகம். கடைசிவரை யாரும் யாரிடமும் மனம் விட்டுப் பேசாமலே முடிந்துவிடும்.

மகனிடம் மாணவி சட்டம் பேசக்கூடாது. "அவருக்குத் தெரிஞ்சுக்க உரிமை இருக்கு" என்றால் சண்டைதான் மிஞ்சும். வகுப்பில் சொல்லித்தரும் வழி வேறு:-

நர்சு:- அப்பா மேல உங்களுக்கு எவ்வளவு பாசம்னு தெரியுது அண்ணா. சொன்னா என்ன ஆகும்னு பயப்படறீங்க?

மகன்:- சாப்பிடறதை விட்டுடுவாரும்மா.

நர்சு:- அவரா உங்ககிட்ட ஏதாவது கேட்டாரா?

மகன்:- நேத்துக்கூட, "எனக்கு என்னடா?"ன்னு கேட்டாரு. அல்சர்னு சொல்லிட்டேன்.

நர்சு:- நாங்களாப் போய் எதுவும் சொல்ல மாட்டோம் அண்ணா. ஆனா அவரா நேராக் கேட்டா எங்களால பொய் சொல்ல முடியாது. டாக்டரோட நீங்களும் பக்கத்துல உக்காந்து பேசலாமா?

இந்த ஐந்து நிமிடப் பேச்சில் பல வீட்டுப் பூட்டுகள் திறந்துவிடும்.

"போயிட்டாரு" ஆபத்தான வார்த்தை

உயிர் பிரிந்துவிட்டது என்று டாக்டர் சொன்ன பிறகும் நர்சுக்கு வேலை இருக்கிறது. கதவுக்கு வெளியே நிற்கும் மனைவி முதலில் பார்ப்பது அவள் முகத்தைத்தான்.

"அவர் போயிட்டாரும்மா" என்றால், "எங்கே? ஸ்கேனுக்கா?" என்று திருப்பிக் கேட்டுவிடுவார்கள். பதற்றத்தில் இருப்பவருக்குச் சுற்றி வளைத்துச் சொன்னால் புரியாது. "நம்மால் முடிஞ்சதைச் செஞ்சோம்" என்பதையும் "பிழைத்துக்கொண்டார்" என்று எடுத்துக்கொள்பவர் உண்டு. உட்காரவைத்து, உறவைச் சொல்லி, "உங்க வீட்டுக்காரர் இறந்துட்டாரும்மா" என்று தெளிவாகச் சொல்ல வேண்டும் என்பது பாடம்.

இதில் தப்பு நேர்ந்தால் துக்கம் கோபமாக மாறும். கண்ணாடி உடையும். டூட்டி டாக்டருக்கும் நர்சுக்கும் அடி விழும். போலீஸ் வரும். ஆஸ்பத்திரி ஊழியர்களைத் தாக்குபவர்களைத் தண்டிக்கத் தமிழ்நாட்டில் 2008-ல் தனிச் சட்டமே வந்தது. மணிக்கணக்கில் யாரும் எதுவும் சொல்லாமல் நிற்கவைத்து, திடீர் என்று பிணத்தைக் காட்டினால் எந்தக் குடும்பமும் கொதிக்கத்தான் செய்யும். "நிலைமை மோசமாகிட்டு வருது" என்று முன்கூட்டிச் சொல்லிவைத்தால் பாதிச் சண்டை வராது.

தீக்காய வார்டில்

எல்லா வார்டையும்விடக் கஷ்டமானது தீக்காய வார்டு. உடம்பில் பெரும்பகுதி வெந்தவர்கூட முதல் சில மணி நேரம் தெளிவாகப் பேசுவது உண்டு. "எனக்கு வலி குறைஞ்சிடுச்சு. நாளைக்கு வீட்டுக்குப் போகலாமா?" என்று கேட்பார். ஆழமான தீக்காயத்தில் நரம்பும் கருகிவிடுவதால்தான் வலி தெரியவில்லை என்பது மாணவிக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது.

இங்கே இன்னொரு பொறுப்பும் உண்டு. மாஜிஸ்திரேட்டு வந்து மரண வாக்குமூலம் வாங்குவார். நோயாளி தெளிவாக இருக்கிறார் என்று டாக்டர் சான்று தருவார். ஆனால் அதற்கு முன்பே, "மாமியார்தான் ஊத்தினா" என்றோ, "ஸ்டவ் வெடிச்சிடுச்சு" என்றோ நர்சிடம் சொல்லியிருக்கலாம். சாவின் காரணம் பற்றி இறந்தவர் சொன்ன வார்த்தை, யாரிடம் சொல்லியிருந்தாலும் கோர்ட்டில் சாட்சியம் ஆகலாம். 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சியச் சட்டத்தின் 26-வது பிரிவும் இதற்கு இடம் தருகிறது.

ஆகவே மாணவி தூண்டிக் கேட்கக்கூடாது. தன் வார்த்தையைச் சேர்க்கவும் கூடாது. கேட்டதைக் கேட்டபடி சிஸ்டரிடமும் டாக்டரிடமும் சொல்ல வேண்டும். நேரத்தோடு எழுதிவைக்க வேண்டும்.

கடைசி மணி நேரம்

மூச்சு மாறும். நின்று நின்று வரும். தொண்டையில் கரகர என்று சத்தம் கேட்கும். கை, கால் சில்லிடும். சொந்தக்காரர்கள் பயந்து, "ஏதாவது செய்யுங்க சிஸ்டர்" என்று கத்துவார்கள். இது சாவுக்கு முன்பு வரும் மாற்றம் என்று அப்போது மெதுவாகச் சொல்லத் தெரிய வேண்டும். ஒருக்களித்துப் படுக்கவைத்தால் சத்தம் குறையும். காது கடைசிவரை கேட்கலாம். அதனால் பக்கத்தில் நின்று, "இன்னிக்கோ நாளைக்கோ" என்று பேசக்கூடாது. "பேசுங்கம்மா, அவருக்குக் கேக்கும்" என்று மனைவியை அருகில் உட்காரவைக்க வேண்டும்.

வாயில் பால் ஊற்றுவது நம் வழக்கம். விழுங்க முடியாதவருக்குச் சங்கு நிறைய ஊற்றினால் மூச்சுக்குழாயில் போய்ப் புரை ஏறிவிடும். "ஊத்தாதே" என்று பிடுங்கினால் குடும்பத்துக்கு ஆயுள் முழுக்க ஆறாது. பஞ்சில் நனைத்து உதட்டில் தடவச் சொல்வதுதான் வழி. வழக்கமும் நிறைவேறும், மூச்சும் திணறாது. முஸ்லிம் குடும்பம் காதருகே கலிமா சொல்ல நினைக்கும். கத்தோலிக்கக் குடும்பம் பாதிரியாரை அழைத்து நோயில் பூசுதல் செய்ய நினைக்கும். கேட்டு, இடம் ஒதுக்கித் தர வேண்டியது நர்சின் கடமை.

"மூச்சு இருக்கும்போதே வீட்டுக்குக் கொண்டு போயிடணும்" என்று நினைக்கும் குடும்பங்கள் ஏராளம். நிலைமையை நேரத்தோடு சொன்னால்தான் அது நடக்கும். ஆஸ்பத்திரியிலேயே முடிந்துவிட்டால் தலையில் அடித்துக்கொள்வார்கள். அரசு ஆஸ்பத்திரியில் இறந்தவரை வீட்டுக்குக் கொண்டு போக இலவச அமரர் ஊர்தி இருக்கிறது. 155377 என்ற எண்ணில் கூப்பிடலாம். இது தெரியாமல் கடன் வாங்கி வண்டி பிடிப்பவர்கள் உண்டு. அதைச் சொல்வதும் நர்சுதான்.

கண்ணை மூடி, தாடையைக் கட்டி, உடம்பைத் துடைத்து ஒப்படைப்பது கடைசிப் பணிவிடை. ஆனால் விபத்து, விஷம், தீக்காயம் என்றால் போலீஸ் கேஸ். விசாரணையும் பிரேதப் பரிசோதனையும் முடியாமல் உடலைத் தர முடியாது. கல்யாணம் ஆகி 7 ஆண்டுக்குள் இறந்த பெண் என்றால் ஆர்.டி.ஓ. விசாரணையும் உண்டு. "ஏன் அறுக்கணும்?" என்று கதறும் தாய்க்கு இதை விளக்குவதும் பாடத்தில் சேர்ந்ததுதான்.

லண்டனில் ஒரு நர்சு

இந்தப் படிப்புக்கு வழி போட்டவரும் ஒரு நர்சுதான். பெயர் சிசிலி சாண்டர்ஸ். முதுகு வலியால் நர்சு வேலையை விட்டு, லண்டன் ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்கு உதவும் சமூகப் பணிக்கு வந்தார். 1948-ல் டேவிட் தாஸ்மா என்ற போலந்து அகதி புற்றுநோயால் செத்துக்கொண்டு இருந்தார். சொந்தம் என்று யாரும் இல்லை. சாண்டர்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து பேசினார். இறக்கும்போது தாஸ்மா 500 பவுண்டு எழுதிவைத்தார். சாண்டர்ஸ் கட்டப் போகும் இல்லத்தில் தன் பணத்தில் ஒரு ஜன்னல் இருக்க வேண்டும் என்று விரும்பினார்.

சாண்டர்ஸ் டாக்டருக்குப் படித்தார். 1967-ல் செயின்ட் கிறிஸ்டோபர் இல்லத்தைத் திறந்தார். வலிக்கு மருந்து, மனதுக்குப் பேச்சு, இரண்டும் சேர்ந்ததே சிகிச்சை என்று காட்டினார்.

அமெரிக்காவில், சிகாகோ ஆஸ்பத்திரியில் டாக்டர் எலிசபெத் கூப்ளர் ராஸ், சாகும் தருவாயில் இருந்தவர்களையே மாணவர்களுக்கு வாத்தியார் ஆக்கினார். அவர்கள் பேசுவதைக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து மாணவர்கள் கேட்டார்கள். டாக்டர்கள் சிலர் எதிர்த்தார்கள். 1969-ல் வந்த அவர் புத்தகம் உலகம் எங்கும் பரவியது.

நம் நாட்டில் 1986-ல் மும்பையில் சாந்தி அவேத்னா இல்லம் தொடங்கியது. 1993-ல் கோழிக்கோட்டில் டாக்டர் எம்.ஆர்.ராஜகோபாலும் நண்பர்களும் தொடங்கிய சங்கம் கேரளா முழுவதும் கிளை பரப்பியது. சென்னையில் மணலி அருகே மாத்தூரில் ஜீவோதயா இல்லம், முற்றிய புற்றுநோயாளிகளைக் கவனிக்கிறது. 1985-ம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தால் மார்பின் கிடைக்காமல் நோயாளிகள் துடித்தார்கள். 2014-ல் சட்டம் திருத்தப்பட்டுக் கெடுபிடி குறைந்தது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில், படுக்கையில் கிடப்பவர் வீட்டுக்கே நர்சு வருகிறார்.

நர்சு அழலாமா?

முதல் சாவைப் பார்த்த மாணவி, பாத்ரூமில் போய் அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வருவதுதான் பழைய வழக்கம். "நர்சு அழக்கூடாது" என்பார்கள். ஆண் மாணவர்கள் நிலைமை இன்னும் மோசம். அவர்களுக்குப் பாத்ரூம் அழுகையும் கிடையாது.

இப்போது பாடம் மாறி இருக்கிறது. கண் கலங்கினால் தப்பு இல்லை. நோயாளியின் குடும்பம் உன்னைத் தேற்றும்படி ஆகிவிடக்கூடாது, அவ்வளவுதான். டூட்டி முடிந்ததும் ஆசிரியையோடு உட்கார்ந்து என்ன நடந்தது, எது உறுத்துகிறது என்று பேச வேண்டும். பேசாமல் அடக்கியவர்கள் மெல்ல மெல்ல மரத்துப் போவார்கள். வார்டில் எரிந்து விழும் சிஸ்டர்களில் எத்தனை பேர் இப்படி மரத்துப் போனவர்களோ!

பாடம் வந்துவிட்டது. நேரம்தான் வரவில்லை. பெரிய அரசு ஆஸ்பத்திரி வார்டில் இரவு டூட்டி நர்சு ஒருவரே பல படுக்கைகளைப் பார்க்க வேண்டும். ஒரு தாத்தா பக்கத்தில் ஐந்து நிமிடம் உட்கார்ந்தால், "வேலையை விட்டுக் கதை பேசறியா?" என்று அதட்டல் வரும். அதுவும் வேலைதான் என்று மேலே இருப்பவர்கள் ஒத்துக்கொண்டால்தான், வகுப்பில் நடித்தது வார்டில் நடக்கும்.

நீங்கள் கேட்கலாம்

உங்கள் வீட்டில் ஒருவர் பெரிய நோயில் படுத்தால் இவற்றை நர்சிடம் தாராளமாகக் கேளுங்கள்:-

* வலி குறைய இன்னும் என்ன மருந்து தரலாம்? (டாக்டர் சொன்ன அளவில் தந்தால் மார்பினைக் கண்டு பயப்பட வேண்டாம்.)

* வாய், தோல், முதுகுப் புண் இவற்றை நாங்கள் எப்படிக் கவனிப்பது?

* வீட்டுக்கு அழைத்துப் போகலாமா? யார் வந்து பார்ப்பார்கள்?

* டாக்டர் எங்களோடு உட்கார்ந்து பேச ஒரு நேரம் கிடைக்குமா?

உயிர் காக்கும் கருவி தனக்கு வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்க 2018-ல் சுப்ரீம் கோர்ட்டு அனுமதி தந்தது. 2023-ல் அந்த முறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகளோடு, நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி முன்பு கையெழுத்துப் போட்டால் போதும்.

இரவில் ஒரு நர்சு பெண் உங்கள் அப்பா கட்டில் அருகே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தால், "என்னம்மா, ஏதாவது ஆயிடுச்சா?" என்று பதறி ஓடாதீர்கள். கொஞ்ச நேரம் பேசவிடுங்கள். உங்களிடம் சொல்லத் தயங்கியதை அவர் அவளிடம் சொல்லிக்கொண்டு இருக்கலாம்.